வழியனுப்பத் தெரியாத விருந்து

விருந்தோம்பல் என்பது அழைப்பதோடும் உணவிடுவதோடும் முடிந்துவிடுவதன்று. வந்தவரை நல்லபடியாக வழியனுப்பி வைக்கும் வரையில் அது நீளும். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் கரிகாற் பெருவளத்தான் இக்கடமையை நிறைவேற்றும் முறையைத் தமிழாசிரியர் அறிவர், மாணவரும் படித்திருப்பர். கலைஞன் ஊர் திரும்ப விழைந்தபோது, வெண்குதிரைகள் நான்கு பூட்டிய தேரைக் கொடுத்து, ஏழடி பின்சென்று, 'ஏறுக' என்று ஏற்றி அனுப்புகின்றான் அந்த மன்னன். வந்தவன் எவ்வாறு வீடு போய்ச் சேர்வான் என்னும் கவலை அழைத்தவனுக்கே உரியது. அப்பாட்டு உணர்த்தும் அறம் இதுவாகும்.

இன்றைய விளையாட்டுலகம் இவ்வறத்தை அறவே மறந்துவிட்டது. மலாக்கா மாநிலத்தில் ஒரு பெரிய காற்பந்தாட்டம் நடைபெறப் போகிறதென்றால் சுவரொட்டி பேசுகின்றது, வானொலி பேசுகின்றது, "மாநிலத்தின் மானத்தைக் காக்கத் திரண்டு வாரீர்!" என்று மேடையும் பேசுகின்றது. நுழைவுச்சீட்டு விற்கப்படுகின்றது. அலோர்காஜாவிலிருந்தும் ஜாசினிலிருந்தும் தோட்டத்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வருகின்றனர். தொண்டை வறளக் கத்துகின்றனர். நடுவரின் இறுதி ஊதல் கேட்டவுடன் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, வாயிற்கதவு மூடப்படுகின்றது. அந்நொடி முதல் அந்த ரசிகன் யாருக்கும் வேண்டாதவனாகின்றான். கரிகாலன் பரிசில் பெற வந்தவனுக்கே தேர் கொடுத்தான். இங்கோ, காசு கொடுத்து வந்தவனுக்கு ஒரு பேருந்துகூட இல்லை.

இது மிகைக்கூற்று என எண்ணுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மலேசியாவில் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவிலேயே நடைபெறுகின்றன. பகல் வெயிலின் கடுமை, அந்தித் தொழுகை நேரம், தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆகியவை அதற்குக் காரணங்கள். இவற்றில் குறை காண்பதற்கில்லை. ஆனால் 9.00 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு 90 நிமிடமும், இடைவேளைக்கு 15 நிமிடமும், காயங்களுக்கு ஈடாகச் சேர்க்கப்படும் சில நிமிடங்களும் கூடினால் 10.50 ஆகிவிடும். கிண்ணப் போட்டியாக இருந்து, வெற்றி தோல்வி முடிவாகாமல் கூடுதல் நேரம் 30 நிமிடமும் அதன் பின் பினால்டி உதைகளும் வந்தால் நள்ளிரவை நெருங்கிவிடும். 8.15க்கே தொடங்கும் ஆட்டமும் பத்து மணிக்கு முன் முடிவதில்லை. அதன்பின் கூட்டம் வாயிலைக் கடக்க வேண்டும். சிற்றூர்த் தடங்களில் அந்நேரத்தில் பேருந்து ஓடும் வழக்கம் இல்லை. தோட்டத்துக்குள் செல்லும் செம்மண் சாலையிலோ பட்டப்பகலிலும் பேருந்து நுழைவதில்லை.

ஆகவே பேருந்தை நம்பி வந்தவன் என்ன செய்கின்றான்? ஆட்டம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போதே எழுந்து ஓடுகின்றான். பின்னால் எழும் ஆரவாரத்தைக் கேட்டு, கோல் அடித்தது யாரென்று அறியாமலே நடக்கின்றான். இருவரும் ஒரே விலை கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களே. ஆயினும் ஆட்டத்தின் இறுதிக் கால்மணி நேரம் வண்டி வைத்திருப்பவனுக்கு மட்டுமே சொந்தமாகிவிடுகின்றது. இது நீதியா என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

முன்னாளில் நிலைமை இவ்வளவு கொடிதாக இருந்ததில்லை. மலாக்காக் குழுவின் ஆட்டங்கள் நகருக்குள்ளேயே, கூபு அரங்கில் நடைபெற்றன. 1983ஆம் ஆண்டில் மலாக்கா லீக் வெற்றியாளராக வாகை சூடிய காலம் அது. நகரத்தார் நடந்தே வரலாம். வெளியூரார் பேருந்திலிருந்து இறங்கி நடக்கலாம். 2004ஆம் ஆண்டில் நகருக்கு வெளியே குருபோங்கில் 40,000 பேர் அமரத்தக்க ஹங் ஜெபாட் அரங்கம் திறக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் சுக்மா விளையாட்டுகளைக் கண்ட அரங்கம் அது. கட்டடத்தின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் நாற்பதாயிரம் பேருக்கு இருக்கை அமைத்தபோது, அந்த நாற்பதாயிரம் பேர் எப்படி வீடு திரும்புவர் என்னும் கேள்விக்குப் பெருஞ்சாலையும் வாகன நிறுத்துமிடமுமே விடையாயின. வாகனம் இல்லாதவன் அந்த விடையில் இடம்பெறவில்லை. அதன்பின் மலாக்கா யுனைட்டெட் 2016இல் பிரிமியர் லீக்கை வென்றது. மறு ஆண்டே உயர்நிலை லீக்குக்குச் சென்றது. 2023ஆம் ஆண்டுப் பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் களத்தை விட்டே வெளியேறியது. 2025–26 பருவத்தில் மலாக்கா எஃப்சி என்னும் பெயரில் மாநிலம் மீண்டும் உயர்நிலை லீக்கில் இடம்பெற்றது. கழகங்கள் வரும், போகும். வீடு திரும்பும் வழி மட்டும் மாறாமல் இருக்கின்றது.

இந்த மாநிலத்துக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை கிளைப்பாதை ஒன்று ஓடியது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் அத்தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். தண்டவாளத்தோடு ஆட்களையும் கொண்டு சென்றனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போன தமிழர் பல்லாயிரவர். திரும்பி வராதவரும் பல்லாயிரவர். போர் முடிந்தது, நாடு 1957இல் விடுதலை பெற்றது, அந்தப் பாதை மட்டும் மீண்டும் போடப்படவேயில்லை. மலாக்காவுக்குரிய ரயில் நிலையம் என்று சொல்லப்படுவது இன்றும் நகரிலிருந்து 38 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புலாவ் செபாங் நிலையமே. சாலையே கதி என்றான பின், சாலையில் ஓடும் பேருந்தும் தேய்ந்தது. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. வசதி உள்ளவர்கள் பேருந்தை விட்டு இறங்கினர். பயணிகள் குறையவே நடைகள் குறைந்தன. நடைகள் குறையவே பயணிகள் மேலும் குறைந்தனர். முதலில் வெட்டுப்பட்டது கடைசிப் பேருந்தே.

இந்நிலையில் தோட்டத்து இளைஞனுக்கு எஞ்சியிருப்பது மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். சட்டம் இருவரைத்தான் அனுமதிக்கின்றது. நட்பு மூவரை ஏற்றுகின்றது. 1973ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்ட தலைக்கவசம், மூன்று தலைக்கு இரண்டாகவும் ஒன்றாகவும் குறைகின்றது. வெற்றி பெற்றிருந்தால் களிப்பில் வேகம். தோற்றிருந்தால் கோபத்தில் வேகம். நகர விளக்குகள் முடிந்தபின் இருபுறமும் செம்பனை மரங்களின் இருட்டு. எதிரே லோரி. மலேசியச் சாலைகளில் 2019ஆம் ஆண்டிலும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டுதோறும் சாலையில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. கோல் கம்பங்களுக்கிடையே 'சிலந்தி மனிதர்' என்று புகழப்பட்ட ஆறுமுகத்தையே 1988ஆம் ஆண்டு டிசம்பரில் சாலை விபத்து பறித்துக்கொண்டது. உலகம் அறிந்த வீரன் இறந்தபோது நாடே அழுதது. பெயர் தெரியாத ரசிகன் இறந்தால் நாளிதழின் ஓர் ஓரத்தில் நான்கு வரி வரும். அந்த நான்கு வரியிலும் அவன் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பியவன் என்பது இடம்பெறுவது அரிது. ஆதலால் இச்சாவுகள் காற்பந்தின் கணக்கில் ஏறுவதே இல்லை.

சாலையில் இன்னலுறுவோரைப் பற்றியாவது பேச இயலும். அரங்குக்கு வராமலே போனவர்களைப் பற்றி யார் பேசுவது? திரும்பும் வழி இல்லையென்பதனால் தங்கைக்கு அனுமதி மறுக்கப்படுகின்றது. மகனை அழைத்துச் செல்ல விரும்பும் தாய் தயங்கி நின்றுவிடுகின்றாள். இளமையில் தோட்டத் திடலில் வெறுங்காலோடு பந்துதைத்த தாத்தா, மோட்டார் சைக்கிளின் பின்னே தொற்றிக்கொண்டு போக உடம்பு இடங்கொடாமல் வீட்டிலேயே இருந்துவிடுகின்றார். அரங்கில் பெண்களும் முதியோரும் குறைவாக இருப்பதைக் கண்டு, அவர்களுக்குக் காற்பந்தில் நாட்டமில்லை என்று முடிவு கட்டுவோர், அவர்கள் வீட்டிலிருந்து அரங்கு வரையுள்ள சாலையை ஒருமுறை இரவில் கடந்து பார்க்க வேண்டும்.

இத்துணையும் கூறியபின் மறுப்புரைப்போர் மூவகையினர். முதல்வகையினர் தமிழ்ச் சமுதாயத்துக்குள்ளேயே இருப்பவர்கள், பலர் படித்தவர்கள். "பந்தாட்டம் பார்த்து என்ன கிடைக்கப் போகின்றது? வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தால் போதாதா? நள்ளிரவில் ஊர் சுற்றுவானேன்?" என்பர் இவர்கள். பரிவோடு சொல்லப்படும் இச்சொல்லில் ஒரு பெரும் பிழை பொதிந்துள்ளது. தோட்டப்புறத்துத் தமிழனுக்குக் காற்பந்து வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. லயத்துக்கும் கோயிலுக்கும் இடையே கிடந்த ஒரு துண்டுத் திடலில்தான் பால்மரம் வெட்டியவர் மகனும் கிராணியார் மகனும் தோளோடு தோள் மோதினர். துரையின் அனுமதி கேளாமல் ஓடவும் கத்தவும் அவர்களுக்கு வாய்த்த இடம் அதுவே. அத்தகைய திடல்களிலிருந்து எழுந்த ஆர்வமே ஆறுமுகம் போன்றோரைக் கொண்டாடியது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவில், அவரோடு நின்ற சோ சின் ஆன் இதே மாநிலத்தின் அலோர்காஜாவைச் சேர்ந்தவர். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற குழுவுக்குப் பயிற்றுநர் கி. ராஜகோபால். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே குரலில் கத்தும் இடம் நாட்டில் வேறெத்தனை உண்டு? அந்த இடத்திலிருந்து தமிழ் இளைஞனை வீட்டுக்குள் முடக்குவது அறிவுரையாகாது, சரணடைதலாகும்.

இரண்டாம் வகையினர், "இப்போது எல்லாரிடமும் வண்டி இருக்கின்றதே!" என்பர். எல்லாரிடமும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், விற்கப்பட்டபோதும், ரப்பர் அழிந்து செம்பனையானபோதும் வெளியேறி, நகரோரத் தாமான்களில் மலிவு வீடுகளில் குடியேறிய குடும்பங்களில் ஒரு வண்டி இருந்தால் அது தந்தையின் வேலைக்குரியது. பதினேழு வயது மாணவனுக்குக் கார் இல்லை; இருக்கவும் கூடாது. இனி, எல்லாரிடமும் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே வாயிலில் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு பெரிய ஆட்டத்தன்று அந்தப் பெருஞ்சாலையில் நின்றால் காணலாம். நாற்பது பேரை ஏற்றும் ஒரு பேருந்து இருபது மோட்டார் சைக்கிள்களைச் சாலையிலிருந்து நீக்கும். வண்டி உள்ளவனுக்கும் பேருந்தால் நன்மையே.

மூன்றாம் வகையினர் நிருவாகிகள். "நள்ளிரவில் பேருந்து விடுவது நடைமுறைக்கு ஒவ்வாது, கட்டுப்படியாகாது" என்பது இவர்கள் கூற்று. இதற்கு மறுமொழி தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. பத்து பெரண்டாம், ஆயர் குரோ, செங் ஆகிய தொழிற்பேட்டைகளில் இரவு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால், தொழிற்சாலைப் பேருந்து எந்த வேளையிலும் வருகின்றது. தோட்டத்து முச்சந்தி வரை வருகின்றது. தாமான் வாசல் வரை வருகின்றது. விடியுமுன் திரும்பக் கொண்டுவந்தும் விடுகின்றது. அதே சாலை, அதே இருட்டு, அதே ஆட்கள்! உழைக்க அழைக்கும்போது ஓடக்கூடிய பேருந்து, மகிழ அழைக்கும்போது மட்டும் ஓட இயலாமற் போவது எங்ஙனம்? அரசியல் கூட்டத்துக்குத் தலை எண்ணிக்கை தேவைப்படும்போதும் வாடகைப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றனவே! அப்போது வராத 'கட்டுப்படியாகாமை' இப்போது மட்டும் எங்கிருந்து வருகின்றது?

தைப்பூசத்தின்போது பத்துமலைக்கு ரயில்கள் இரவு பகலாக ஓடுகின்றன. மாசிமகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் பக்தர் திரள்கின்றனர். அந்த ஆலயத்துக்கும் ஹங் ஜெபாட் அரங்குக்கும் இடையே தொலைவு மிகுதியில்லை. பெருங்கூட்டம் கூடும் நாளைச் சிறப்பு நாளாகக் கருதிப் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் பழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. காற்பந்துக்கே அது நடந்திருக்கின்றது. கோலாலம்பூரில் 1998இல் திறக்கப்பட்ட புக்கிட் ஜாலில் தேசிய அரங்கின் அருகே ரயில் நிலையம் உண்டு. பெரிய இறுதியாட்டங்களின்போது ரயில் சேவை நேரம் நீட்டிக்கப்படுகின்றது. தலைநகர் ரசிகனுக்குக் கிட்டும் பரிவு மாச்சாப் ரசிகனுக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

அயல்நாடுகள் இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளன. ஜெர்மனியில் பல கழகங்கள் விற்கும் ஆட்டச் சீட்டே அன்றைய உள்ளூர்ப் பேருந்துக்கும் ரயிலுக்கும் உரிய சீட்டாகும். அந்நாட்டில் 2006இல் நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளிலும் 2024இல் நடந்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. ரஷ்யாவில் 2018இல் ஒரு நகரிலிருந்து மறுநகருக்குச் செல்லும் சிறப்பு ரயில்களில் ரசிகர்கள் இலவசமாகப் பயணம் செய்தனர். "அவை பணக்கார நாடுகள்" என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. சென்னைச் சேப்பாக்கத்தில் 2024ஆம் ஆண்டு ஐபிஎல் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் ஆட்டச் சீட்டைக் காட்டியே மெட்ரோ ரயிலில் கட்டணமின்றிச் சென்றனர். இவ்வேற்பாடுகளின் உட்பொருள் ஒன்றே. வழிப்பயணத்தின் செலவு நுழைவுச்சீட்டின் விலையில் அடங்க வேண்டிய ஒன்று. அதைத் தனியே ரசிகனின் தலையில் சுமத்துவது தகாது.

மலாக்கா சிறிய மாநிலம். எந்த மூலைக்கும் அரங்கிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம். எனவே வேண்டுவன மிகச் சிலவே. அலோர்காஜா, புலாவ் செபாங் வழியில் ஒன்று. டுரியான் துங்கால், மாச்சாப், செலண்டார் வழியில் ஒன்று. ஜாசின், மெர்லிமாவ் வழியில் ஒன்று. மஸ்ஜிட் தானா வழியில் ஒன்று. மலாக்கா சென்ட்ரலுக்கு ஒன்று. இந்த ஐந்து தடங்களிலும் ஆட்ட நாளில் மட்டும் பேருந்து ஓடினால் போதும். காடேக், சுங்கை பாரு, கெமெண்டோர் முதலிய தோட்டங்களின் முச்சந்தியிலும் அது நின்று செல்ல வேண்டும். பேருந்துச் சீட்டு ஆட்டச் சீட்டோடு சேர்த்து முன்கூட்டியே சிற்றூர்களில் விற்கப்பட வேண்டும். அப்போது எத்தனை பேருந்து தேவையென்பது முதல் நாளே தெரிந்துவிடும், வெற்றுப் பேருந்து ஓடும் அச்சமும் தீரும். புறப்படும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தல் கூடாது; நடுவரின் இறுதி ஊதலுக்குப் பின் இருபது நிமிடம் என்று குறிக்க வேண்டும். மறுநாள் வேலையும் பள்ளியும் உள்ள இரவுகளில் ஆட்டம் 8.15க்கே தொடங்க வேண்டும். பேருந்தின் தடமும் உரிமமும் அரசின் கையில் உள்ளவை. 2010இல் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. ஓர் ஆணையம் பிறந்தது. 2019இல் அதன் பொறுப்பு போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள நிறுவனத்துக்கு மாறியது. பெயர்ப்பலகை மாறும் வேகத்தில் பாதி வேகமாவது இச்சிறு ஏற்பாட்டுக்கும் வருமாயின் நல்லது.

அரசும் சங்கமும் செய்யட்டும் என்று கைகட்டி இருப்பதும் முறையன்று. கோயில் திருவிழாவுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யத் தெரிந்த ஆலய நிருவாகங்கள் இங்குண்டு. அறிவுச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்யத் தெரிந்த பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் உண்டு. இளைஞர் மன்றங்களும் உண்டு. நாற்பது பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டால் ஒருவர் தலையில் விழும் சுமை சிறிது. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தம் மாணவரைப் பெற்றோரோடு பகிரங்கமாக அரங்குக்கு அழைத்துச் சென்று, பத்திரமாகத் திருப்பிக் கொணர்ந்தாரென்றால், "காற்பந்து காலிகளின் விளையாட்டு" என்னும் பழிச்சொல் அந்தத் தோட்டத்தில் அன்றோடு மடியும். பேருந்தில் நாற்பது பேர் ஒன்றாகத் திரும்பும்போது தோல்வியும் பேச்சாகி ஆறிவிடும். தனித்துத் திரும்புபவனுக்கோ அது வேகமாகிவிடும். அத்தோடு, நாற்பது பேரின் கையொப்பத்தோடு சட்டமன்ற உறுப்பினருக்கும் காற்பந்துச் சங்கத்துக்கும் செல்லும் ஒரு மடல், தேநீர்க்கடையில் நாற்பது நாள் முணுமுணுப்பதைவிட வலிமை உடையது. அம்மடலை எழுதத் தெரிந்தவர்கள் தமிழாசிரியர்களும் மாணவர்களுமே.

ஒரு சமுதாயத்தைத் திரட்டுவது எளிது. திரண்டவரைப் பத்திரமாகக் கலைத்து அனுப்புவதில்தான் அழைத்தவரின் தகுதி வெளிப்படும். நாற்பதாயிரம் இருக்கைகளை எண்ணிப் பெருமைப்படுவோர், இறுதி ஊதலுக்குப் பின் சாலையோரத்தில் நிற்கும் தலைகளையும் ஒருமுறை எண்ணட்டும். கடைசி ரசிகன் தன் வீட்டுக் கதவைத் தட்டும் வரையில் எந்த ஆட்டமும் முடிந்ததாகாது.